இல்லை என்று நான் சொன்ன கட்டி

இது என்னுடைய இரண்டாவது சாட்சி. முதலாவதை உங்களில் அநேகர் கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் ஆனி மாத உபவாச ஜெபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது. அதில் ஒரு வரி பொய். மற்றதெல்லாம் உண்மை. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். போதகர் என்னைப் பேசச் சொல்லித்தான் கேட்டார். பேசினால் ஆட்களின் முகத்தைப் பார்த்து மறுபடியும் கூட்டிச் சொல்லிவிடுவேன், எழுதித் தருகிறேன், நீங்களே வாசியுங்கள் என்றேன்.

புதிதாக வந்தவர்களுக்காக: என் பெயர் செல்வராசா. கல்லடியில் இருக்கிறேன். நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். வாவியில் நட்டிருக்கும் அளவுப்பலகையைக் காலையும் மாலையும் பார்த்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எழுதி வைப்பதுதான் வேலை. வாவி என்று எழுதுகிறேன், ஊரில் எல்லோருக்கும் அது ஆறுதான். அந்த வேலையால் எனக்கு ஒரு குணம் ஒட்டிக்கொண்டது. எதையும் அளந்து சொன்னால்தான் நிம்மதி. கொஞ்சம், பரவாயில்லை, பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் எரிச்சல் வரும். என் மனைவி பவளம் கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டால், இன்னும் கால் கரண்டி என்று சொல்வேன். அவள் முறைப்பாள்.

எனக்கு இந்த வருத்தம், இந்த நோய், தெரிய வந்தது முதல் சாட்சிக்கு முந்திய மாரி மழையில். வயிற்றுவலியும் இரத்தப்போக்கும் இருந்தன. மூலம் என்று நினைத்து மூன்று மாதம் கைவைத்தியம் செய்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் புற்றுநோய். ஈரலுக்கும் போயிருந்தது.

டொக்டர் என் மகளின் வயதுப் பெண். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொன்னார். "ஐயா, இத முழுசா மாத்திச் சுகப்படுத்த ஏலாது. மருந்து தந்து கொஞ்சக் காலம் அடக்கி வச்சிருக்கலாம்."

"எவ்வளவு காலம்?"

"அது சொல்ல ஏலாது. ஆறு மாசமாவும் இருக்கலாம், ரெண்டு மூண்டு வருஷமாவும் இருக்கலாம்."

எனக்கு மரண பயத்தைவிட அந்தப் பதிலில் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. ஆறு மாதத்துக்கும் மூன்று வருஷத்துக்கும் இடையில் எவ்வளவு தண்ணீர் ஓடும். வீட்டுக் கூரையை மாற்றுவதா, விடுவதா? கனடாவில் இருக்கும் மகளை இப்போது வரச் சொல்வதா, பிறகு சொல்வதா? இப்போது வந்துவிட்டுப் போய், நான் பிறகு செத்தால் இன்னொரு தரம் வர அவளால் முடியுமா? இப்படித்தான் என் மூளை ஓடியது. அழுகை வரவில்லை. பவளம்தான் குசினியில் நின்று அழுதாள். நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நாட்களில் நான் சுகம் கேட்டு ஜெபிக்கவில்லை. ஆண்டவரே, ஒரு திகதி தாரும் என்றுதான் கேட்டேன். நாளைக்கு என்றாலும் சரி, தெரிந்தால் போதும் என்றேன். பதில் வரவில்லை. அவரும் அந்த டொக்டரைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து தொடங்கியது. மூன்று கிழமைக்கு ஒரு முறை செவ்வாய்க்கிழமை போய்க் கையில் ஊசி குத்தி, பாதி நாள் இருக்க வேண்டும். குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்களில் ஊசியால் குத்துவது போல இருக்கும். குழாய்த் தண்ணீரில் முகம் கழுவ முடியாது. சாப்பாடு மண்ணைப் போல இருக்கும். சபையார் நீங்கள் எல்லோரும் எனக்காக உபவாசம் இருந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் இருந்த கட்டிகள் பாதிக்கு மேல் வற்றியிருந்தன. டொக்டருக்கே சந்தோஷம். "நல்லாச் சுருங்கியிருக்கு ஐயா, ஆனா இருக்கு" என்றார். அவர் சொன்ன முழு வார்த்தையும் அதுதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கிழமை உபவாச ஜெபத்தில் போதகர் என்னை முன்னால் அழைத்தார். நம் சபையில் சாட்சி சொல்வதற்கு ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். கஷ்டத்தில் தொடங்க வேண்டும், கண்ணீரில் நடக்க வேண்டும், முழுச் சுகத்தில் முடிக்க வேண்டும். பாதிச் சுகத்தோடு யாரும் அங்கே நின்றதில்லை. நானும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கட்டி சுருங்கிய இடத்துக்கு வந்தபோது எல்லோரும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்போது என் வாய் சொன்னது: "இண்டைக்கு என்ட ஈரலில ஒரு கட்டியும் இல்ல."

முப்பது வருஷம் ஓர் அங்குலத்தைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாதவன் நான். அன்றைக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிட்டேன். கீழே இறங்கி வந்தபோது பவளம் என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

புரட்டாசியில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். வற்றியது திரும்பவும் பொங்கியிருந்தது. புதிதாகவும் இரண்டு வந்திருந்தன. வேறு மருந்து இருக்கிறது, பிரயோசனப்பட்டாலும் படலாம், படாமலும் போகலாம் என்றார் டொக்டர். மறுபடியும் அதே அளவில்லாத பேச்சு. எனக்கு அலுத்துவிட்டது. வேண்டாம், வீட்டில் சும்மா இருந்து சாகிறேன் என்று மனதுக்குள் முடிவெடுத்தேன்.

சபைக்கு இதைச் சொல்லவில்லை. "சொல்லுங்களன், சனம் ஜெபிக்கும்தானே" என்று பவளம் நச்சரித்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சிரித்துக்கொண்டு இருந்தேன். சொன்னால் கடவுளுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். அவருடைய மரியாதை என் ஈரலில்தான் தங்கியிருந்தது போல. உண்மையில் மரியாதைக் குறைவு எனக்குத்தான். அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

கார்த்திகை முடிகிற நேரம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை ஒரு பெண் கையில் தயிர்ச் சட்டியோடு படலையைத் திறந்து வந்தாள். மலர் என்று பெயர் சொன்னாள். ஊர் வவுணதீவுப் பக்கம். புருஷன் தவம் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறார், எருமையும் வளர்க்கிறார். இரண்டு பிள்ளைகள். முப்பத்தெட்டு வயது இருக்கும். தலையில் துவாயைச் சுற்றியிருந்தாள். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, என்னைப் போல ஊசி மருந்து ஏற்றுகிற ஆள் என்று.

"அண்ணனுக்கெண்டு கொண்டு வந்த தயிர்" என்று சட்டியைப் பவளத்தின் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள். "உங்கட சாட்சிய போனில நாலஞ்சு தரம் கேட்டன் அண்ணன். எனக்கு மார்பில வந்து வெட்டி எடுத்த. பொறகு ஊசி போடணும் எண்டாங்க. தொடங்கினன், தாங்க ஏலாமக் கிடந்த. உங்கட சாட்சியக் கேட்டாப் பொறகு நான் ஊசிக்குப் போறல்ல. மூண்டு தரம் விட்டுட்டன். அண்ணனுக்கு இல்லாமப் போனா எனக்கும் இல்லாமப் போகும்தானே?"

அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கர்த்தர் நல்லவர்" என்றேன். அவளும் "ஆமென்" என்றாள். தேநீர் குடித்துவிட்டு, பஸ் போய்விடும் என்று எழும்பிப் போனாள்.

பவளம் சட்டியை மேசையில் வைத்தாள். "கதைக்க வேண்டிய நேரத்தில வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். "அந்தப் புள்ள செத்தா ஆருக்குப் பாவம்?" என்றாள்.

அன்று மத்தியானம் அறைக்கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். வருத்தம் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. ஆண்டவரே, எனக்குத் திகதி வேண்டாம், சுகமும் வேண்டாம், அந்தப் பிள்ளையை எப்படியாவது ஊசிக்குக் கொண்டுபோய் விடும் என்று கேட்டேன். என் பொய்யால் அவள் சாகக் கூடாது என்று கேட்டேன். அவ்வளவுதான் ஜெபம். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. எழும்பும்போது ஒன்று மட்டும் தெரிந்தது, நான் போக வேண்டும்.

மறுநாள் ஸ்கேன் அறிக்கைகளை ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். இரவு முழுக்க மழை பெய்திருந்தது. வலையிறவுப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் போனதால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரப் பெட்டியில் நானும் ஏறினேன். ஏற்றி விடுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஓட்டியவர் என்னை வேலைக்காலத்திலிருந்தே தெரிந்தவர். "ஐயா, முகத்துவாரத்த எப்ப வெட்டுவாங்க? வட்டையெல்லாம் தாண்டு போச்சு" என்று கேட்டார்.

கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் உள்ள மணல் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு வடியும். வேளாண்மைக்காரர் வெட்டச் சொல்வார்கள். மீன் போய்விடும், பொறுங்கள் என்பார்கள் மீன்பிடிக்காரர். ஒவ்வொரு மாரிக்கும் இந்த வழக்கு உண்டு.

"தெரியாது தம்பி" என்றேன்.

"முப்பது வருஷம் ஆத்த அளந்த உங்களுக்கே தெரியாதா?"

"அந்தப் பலகை இண்டைக்கு எவ்வளவு தண்ணி எண்டுதான் சொல்லும். நாளைக்கு எவ்வளவு எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல." இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இது தெரிந்த மனிதன்தான் ஒரு வருஷமாகத் திகதி கேட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன். ஓட்டியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார்.

மலரின் வீட்டு வளவிலும் வெள்ளம் நின்றது. என்னைக் கண்டதும் ஓடி வந்து கதிரை போட்டாள். தவமும் வந்து நின்றார். நான் அறிக்கையை விரித்தேன். "எனக்குத் திரும்ப வந்திட்டுது புள்ள" என்றேன்.

அவள் அறிக்கையை வாங்கிப் பார்த்தாள். "அண்ணன்ட விசுவாசம் கொறஞ்சிட்டுது போல" என்றாள். கோபமாக இல்லை, பாவப்பட்டுச் சொன்னாள். "நான் ஜெபிக்கிறன் அண்ணன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இப்படிச் சொல்லப் பழக்கியதே நாங்கள்தான். சுகம் வந்தால் கர்த்தர், வராவிட்டால் விசுவாசக் குறைவு. இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. "அப்பவும் இல்லாமப் போகல்ல. சுருங்கித்தான் இருந்த. டொக்டர் ஆனா இருக்கு எண்டுதான் சொன்னவ. ஒண்டும் இல்ல எண்டு நான் சொன்ன பொய்" என்றேன்.

தவம்தான் முதலில் வாய் திறந்தார். "என்னத்துக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

"கைதட்டினாங்க. சொல்லிப்போட்டன்."

"என்ட பொஞ்சாதிட உசிரு உங்களுக்குக் கைதட்டா?" அவர் எனக்குக் கிட்ட வந்தார். அடித்திருந்தால்கூடப் பேசாமல் வாங்கியிருப்பேன். மலர் அவர் கையைப் பிடித்தாள்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப நீங்க இனி ஊசி போடுவீங்களா?"

"இல்ல. எனக்கு வேணாம் எண்டு சொல்லப் போறன்."

"உங்களுக்கு வேணாம், எனக்கு மட்டும் வேணுமா?"

"உனக்கு மாறும் புள்ள. எனக்கு மாறாது. உன்ட வேற, என்ட வேற."

"அத ஆர் சொன்ன? நீங்களா?"

என் சொல்லுக்கு இனி அந்த வீட்டில் மதிப்பில்லை. காட்டுவதற்கு உடம்பு ஒன்றுதான் மிச்சம். யோசிக்காமலே சொல்லிவிட்டேன்: "வாற செவ்வாய்க்கிழமை நான் ஊசி போடப் போறன். நீயும் வா." அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தவம் என்னை உழவு இயந்திரம் வரை கொண்டுவந்து விட்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கடவுள்மேல் கோபம். அவளைக் கொண்டுபோய் விடும் என்று கேட்டால், என்னை அல்லவா திரும்ப அந்தக் கதிரையில் இருத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், தலைமயிர் கொட்டும். செவ்வாய்க்கிழமை வரை இருந்த ஐந்து நாளும் பவளம் எனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். எதுவும் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஊசி போடும் தாதி மிஸி என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டார். "ஐயா, நீங்க இனி வரமாட்டீங்க எண்டு நினைச்சம்." மனம் மாறிவிட்டது என்றேன். இரத்தம் எடுத்தார்கள், டொக்டர் பார்த்தார், புது மருந்து எழுதினார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலர் இல்லை. பெயர்கள் கூப்பிட்டு முடிந்தன. என் கையில் ஊசி ஏறி, சேலைன் போத்தல் பாதிக்கு வந்துவிட்டது. அவள் இல்லை. சரி, பதில் இதுதான் என்று கண்ணை மூடினேன்.

திறந்தபோது அவள் வாசலில் நின்றாள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். பின்னால் தவம் செருப்பைக் கையில் பிடித்தபடி. பஸ் இல்லாமல் பாதித் தூரம் வெள்ளத்துக்குள் நடந்து வந்திருக்கிறார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள். பிறகு மிஸியிடம் போய்க் கொப்பியை நீட்டினாள். தவறவிட்டதற்கு நல்ல பேச்சு வாங்கினாள். விட்டது விட்டதுதான், இனி விடக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

கடைசியில் என் பக்கத்துக் கதிரையில்தான் அவளை இருத்தினார்கள். ஊசி குத்தி முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். "நீங்க வந்திருக்கிறீங்களா எண்டு பாக்கத்தான் வந்தன் அண்ணன். இல்லாட்டி வாசலோட திரும்பிப் போயிருப்பன்."

நான் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அந்தக் கதிரையில் இருந்து எனக்கு அழ வெட்கம். ஆனாலும் அழுதேன்.

அதற்குப் பிறகு அந்த மழைக்காலம் முடியும்வரை இருவரும் ஒரே நாளில் ஊசிக்குப் போனோம். அவளுடைய மருந்து முடிந்துவிட்டது. கடைசிப் பரிசோதனையில் டொக்டர் சொன்னதை அவளிடம் அனுமதி கேட்டு அப்படியே எழுதுகிறேன்: "இப்போதைக்கு ஒண்டும் தெரியல்ல. தொடர்ந்து வந்து காட்டணும்." நான் இதில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. கூட்டக் கூடாது என்று அவளும் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறாள். தவம் இப்போது என்னோடு பேசுகிறார். போன மாதம் தயிர் கொடுத்தனுப்பினார். முதல் வந்த சட்டியை என்னால் தொட முடியவில்லை, பவளம் அயலுக்குக் கொடுத்துவிட்டாள். இதைச் சாப்பிட்டேன்.

என் கட்டி இருக்கிறது. கடைசி ஸ்கேனில் சுருங்கவும் இல்லை, வளரவும் இல்லை. புது மருந்தால் வந்ததா, உங்கள் ஜெபத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எவ்வளவு காலத்துக்கு என்றும் தெரியாது. இந்த மாரிக்கு முன் போகலாம். அடுத்த ஆனியிலும் இங்கே உட்கார்ந்து உங்களை அலுப்பாக்கலாம். மகளை வரச் சொல்லிவிட்டேன். கூரையையும் மாற்றினேன்.

நன்றி சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். என் பொய்யால் ஓர் உயிர் போகாமல் கடவுள் தடுத்தார். நான் கேட்ட ஜெபங்களில் உடனே, முழுதாகப் பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான். பதிலுக்கு என்னையே பிடித்து அனுப்புவார் என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனோ தெரியாது. இப்போது சந்தோஷம்தான்.

என்னுடைய பழைய சாட்சி உங்கள் கைப்பேசியில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அதை நம்பி யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். ஏச மாட்டேன், கூட வருவேன். கடவுளை நம்புங்கள், பயமில்லாமல் நம்புங்கள். பாதிச் சுகத்தோடும் அவர் முன்னால் நிற்கலாம், அவர் கைதட்டச் சொல்லிக் கேட்கிறவர் அல்லர்.

நான் ஒரு திகதி கேட்டேன் என்று எழுதினேன் அல்லவா? அது இப்போது என்னிடம் இருக்கிறது. என் கிளினிக் கொப்பியில் மிஸி நீல மையால் எழுதித் தந்திருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி.